பருத்தி என்ற ஒரு சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், சொந்தமாக உடை தைக்கப் பழகுவோருக்கென்று வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அளவெடுப்பதையும், தாளில் வரைந்து வெட்டுவதையும், தையலுக்காக ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்பதையும் அது பொறுமையாக விளக்கியிருந்தது. துணியைப் பற்றி மட்டும் "தொடக்கத்தில் பருத்தித் துணி வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டது. என் உடைகளை நானே தைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழக வருகிறவர்களுக்கு அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அவர்கள் மனம் சலித்துத் தையலை விட்டு விலகும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அங்கே குற்றவாளி துணியாகத்தான் இருக்கிறது. பழியை மட்டும் கையும் எந்திரமும் சுமக்கின்றன. ஆகவே அந்த ஒரு வரியைச் சற்று விரித்து எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பருத்தி என்பது இழையின் பெயர். அந்த இழையை நூலாக முறுக்கி, நூலை நெய்தோ பின்னியோ துணியாக்கிய பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. ஊதினால் பறக்கிற மல் துணியும் பருத்தி. ஊசியை ஒடிக்கிற கெட்டி டெனிமும் பருத்தி. வரிவரியாக மயிர் எழும்பி நிற்கும் கார்டுராயும் பருத்தி. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பனியன் துணியும் பெரும்பாலும் பருத்திதான். இந்த நான்கையும் பழகாத ஒருவரிடம் கொடுத்தால் நான்கு விதமான தொல்லைகள் அவருக்குக் காத்திருக்கும். மல் கத்தரிக்கு முன்னால் நழுவி ஓடும். டெனிமில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடத்தில் எந்திரம் திணறி நின்றுவிடும். கார்டுராயில் ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டால், தைத்து முடித்த பிறகு அந்தத் துண்டு மட்டும் வேறு நிறம்போலத் தெரியும். பனியன் துணியில் சாதாரண நேர்த்தையல் போட்டால், உடையைத் தலைவழியே மாட்டும்போதே தையல் நூல் அறுபடும். "பருத்திதானே வாங்கினேன், ஏன் வரவில்லை?" என்று அவர் கேட்டால், அந்த ஒரு வரியிடம் பதில் இருக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. சாட்டின் என்று கேட்டு வாங்குகிறோமே, அது இழையின் பெயரே அன்று, நெசவின் பெயர். சாதா நெசவில் ஒரு நூல் அடுத்த நூலுக்கு மேலே, அதற்கடுத்த நூலுக்குக் கீழே என்று மாறி மாறிச் செல்வதால், ஒவ்வொரு நூலையும் பக்கத்து நூல் பிடித்து வைத்திருக்கிறது. சாட்டின் நெசவிலோ ஒரு நூல் நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட நூல்களின் மேலாகத் தாவிச் சென்ற பிறகே ஓரிடத்தில் கீழிறங்குகிறது. அந்தத் தாவல்தான் அதற்கு மினுமினுப்பைத் தருகிறது. அதே தாவல்தான் நூலைப் பிடிப்பில்லாமல் விட்டு, வெட்டிய ஓரத்தை உதிரச் செய்கிறது, நகம் பட்டால் இழுபடவும் செய்கிறது. பட்டில் நெய்தாலும், பாலியஸ்டரில் நெய்தாலும், பருத்தியிலேயே நெய்தாலும் இந்தக் குணம் ஏதோ ஓர் அளவில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சாய்ந்த வரிகளாகத் தெரியும் ட்வில் நெசவு உறுதியானது, கால்சட்டைக்கு ஏற்றது. ஆக, ஒரு துணியை முன்னால் விரித்ததும் அது எதனால் ஆனது என்று கேட்பதற்கு முன், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பழக வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. எனக்கென்று முதன்முதலில் தைக்க நான் தேர்ந்தெடுத்தது அடர்நீலத்தில் ஒரு பாலியஸ்டர் சாட்டின். விரித்துக் காட்டியபோது தண்ணீர்போல வழிந்த அதன் அழகில் மயங்கி, அந்த வழிதல்தான் நாளை என்னைப் படுத்தப்போகிறது என்பதை அறியாமல் வாங்கினேன். இரண்டாக மடித்து வெட்டியபோது கீழ்மடிப்பு எங்கோ நகர்ந்துவிட்டது; முன்பக்கத்தின் இடப்பாகமும் வலப்பாகமும் ஒரு விரற்கடை வேறுபட்டன. குண்டூசி குத்திய இடங்களில் எல்லாம் துளை நிலைத்துவிட்டது. தைத்ததைப் பிரித்தபோது பழைய தையலின் தடம் வரிசையாகப் புள்ளிவைத்தாற்போல் நின்றது. நான் அப்போது சேர்ந்திருந்த வகுப்பில், என் கையில் நிதானம் இல்லை என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். எந்திரத்தை மூடி வைத்து ஓராண்டுக்கும் மேலாயிற்று. பிறகு ஒருநாள், நைந்துபோன படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்துத் தலையணை உறை தைக்க உட்கார்ந்தபோது, அதே கை, அதே எந்திரம், அதே ஊசி, கோடு போட்டாற்போல நேராகத் தைத்தன. அன்றைக்குத்தான் எனக்குக் கையின்மேல் இருந்த சந்தேகம் துணியின்மேல் திரும்பியது.

பழகுகிறவரின் துணியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய குணங்கள் அதிகமில்லை. வைத்த இடத்தில் கிடக்க வேண்டும். நகத்தால் அழுத்தி மடித்தால் மடிப்பு சற்று நேரமாவது நிற்க வேண்டும். ஏனென்றால் உடை தைப்பதில் பாதி வேலை மடித்துத் தேய்ப்பதுதான். பிரித்துத் தைத்தால் தாங்க வேண்டும். தொடக்கத்தில் தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம் நடக்கும். வெட்டிய ஓரம் கையில் எடுக்க எடுக்க உதிர்ந்துகொண்டே போகக் கூடாது. இவை அனைத்தும் சேர்ந்து கிடைப்பது, நடுத்தர எடையுள்ள, நெருக்கமான சாதா நெசவில் அமைந்த பருத்தியில்தான். பாப்ளின், காம்பிரிக் என்ற பெயர்களில் கிடைப்பவை இவ்வகை. எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் கணக்கில் குறிப்பிடுவார்கள். ஏறக்குறைய 110 முதல் 150 வரையிலான துணி முதல் சட்டைக்கும் தளர்வான இரவு உடைக்கும் வசதியாக இருக்கும். 80-க்குக் கீழே போனால் எந்திரத்தின் ஊசித் துளைக்குள்ளேயே துணியின் ஓரம் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். 250-ஐத் தாண்டினால் காலரின் முனை, கைப்பட்டி, இடுப்புப் பட்டி ஆகிய இடங்களில் மடிப்புகள் கற்குவியல்போலத் தடித்துவிடும். நடுத்தர எடையுள்ள லினனும் நல்ல தோழிதான். தேய்ப்புக்கு அழகாகக் கட்டுப்படும். ஓரம் சற்று அதிகமாக உதிரும், அணிந்து ஐந்து நிமிடத்தில் கசங்கும் என்பவற்றைப் பொறுத்துக்கொள்பவர்கள் இரண்டாவது உடைக்கு அதை எடுக்கலாம்.

இணையத்தில் வாங்கும்போது எடையின் அளவு எழுதியிருக்கும். நேரில் வாங்கும்போது கையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். கண்ணைவிடக் கை நல்ல நீதிபதி. துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்துப் பத்து வினாடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். சுருக்கம் எவ்வளவு விழுகிறது, எவ்வளவு தானே நீங்குகிறது என்று தெரியும். இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நடுவில் நூல்கள் விலகிச் சல்லடைபோல ஆனால், அந்தத் துணியில் அக்குளிலும் பின்பக்கத்திலும் தையலோரம் பிளந்துகொள்ளும், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் நிற்காது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்பது விளங்கும். கடைசியாக, துணியை இரு கைகளாலும் பிடித்து ஒன்றோடொன்று உரசுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அந்த மொடமொடப்பு கஞ்சியினுடையது, துணியினுடையதன்று. முதல் சலவையோடு அது வடிந்துவிடும். உள்ளே மிஞ்சுவது கொசுவலையாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கஞ்சி விவகாரத்தை முன்வைத்துத்தான் பரவலாகச் சொல்லப்படும் மற்றோர் அறிவுரையோடு நான் மாறுபடுகிறேன். "பழகும்வரை இருப்பதிலேயே மலிவான துணியில் தைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். மிக மலிவான துணி பல நேரங்களில் நெருக்கமில்லாத நெசவும் கனமான கஞ்சியும் கோணலான அச்சும் சேர்ந்தது. தேர்ந்த கைகளே அதை நேராக்கத் தடுமாறும். கெட்டுப்போனாலும் கவலையில்லை என்ற மனநிலை வேண்டும் என்பது உண்மைதான். அதற்குப் பழைய படுக்கை விரிப்பைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. பலமுறை வெளுத்ததால் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், கஞ்சி இருக்காது, அகலமும் தாராளமாகக் கிடைக்கும். வெளுக்காத காடா துணியும் இதற்கு ஏற்றதே. தேர்ந்த தையற்காரர்கள்கூட விலையுயர்ந்த துணியை வெட்டுவதற்கு முன் காடாவில் ஒரு மாதிரி உடை தைத்துப் பொருத்தம் பார்ப்பதுண்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மாதிரித் துணியின் எடையும் உண்மைத் துணியின் எடையும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். படுக்கை விரிப்பில் கச்சிதமாகப் பொருந்திய அதே வரைபடம் மெல்லிய ரேயானில் தொளதொளவென்று தொங்கும்.

துணியின் திசையைப் பற்றி எந்தத் தொடக்கநிலைக் கட்டுரையும் போதிய அளவு எழுதுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. நீளவாட்டில் கரைக்கு இணையாக ஓடுவது பாவு. குறுக்கே கரையிலிருந்து கரைக்குப் போய்வருவது ஊடை. தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவதால் அந்தத் திசையில் துணி நீள மறுக்கும். ஊடை சற்றே இடங்கொடுக்கும். 45 பாகையில், அதாவது மூலைவாட்டில் இழுத்தால் இரண்டு வகை நூல்களும் சேர்ந்து சாய்ந்துகொடுப்பதால், துளியும் நீளாத பாப்ளின்கூட அங்கே நன்றாக நெகிழும். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டியைக் கிராஸில் வெட்டச் சொல்வது இதனால்தான். வளைவில் சுருக்கமின்றிப் படிய அந்த நெகிழ்ச்சி வேண்டும். அதே நெகிழ்ச்சி வேண்டாத இடத்தில் வந்தால் உடை கெட்டுவிடும். ஒரு கால்சட்டையின் கால் மட்டும் அணிந்து நடக்க நடக்க முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பல நேரங்களில் அங்கே தையல் சரியாகத்தான் இருக்கும். துண்டை வெட்டியபோது பாவு நேராக இல்லை, அவ்வளவுதான்.

வாங்கும் இடத்திலேயே இதைச் சோதிக்கலாம். துணியின் இரு கரைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தூக்கிப் பிடித்தால், மடிப்பு முறுக்கின்றி நேராகத் தொங்க வேண்டும். அச்சிட்ட துணியாக இருந்தால், அச்சின் வரிசை ஊடை நூலோடு ஒத்து ஓடுகிறதா என்று வெட்டிய ஓரத்தில் பார்த்துவிடலாம். அச்சு ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமும் போனால் அந்தத் துணியை வைத்துவிடுங்கள். நூலுக்கு நேராக வெட்டினால் பூக்கள் சரிந்து தெரியும், பூக்களுக்கு நேராக வெட்டினால் உடை முறுக்கும், இரண்டையும் காப்பாற்ற எவராலும் முடியாது. நூல்கள் மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும் சாதாப் பருத்தியை, நனைத்து மூலைகளைப் பிடித்து எதிர்த்திசையில் மெல்ல இழுத்து நேராக்கிவிடலாம். ஆனால் சுருக்கம் விழாமலிருக்க வேதிப் பூச்சு ஏற்றிய துணியில் அந்தச் சாய்வு நிலைபெற்றுவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது சுருக்கம். தறியிலும் அதன் பிறகு நடக்கும் வேலைகளிலும் நூல்கள் இழுவிசையிலேயே வைக்கப்பட்டிருப்பதால், முதன்முறை நீரில் நனைந்ததும் அவை ஊறிப் பருத்து, இழுவை தளர்ந்து, இயல்பான நீளத்துக்குத் திரும்புகின்றன. முன்கூட்டியே சுருக்காத பருத்தி 3 முதல் 5 விழுக்காடு சுருங்குவது மிகச் சாதாரணம். தளர்ந்த நெசவில் அதற்கு மேலும் போகும். காகிதத்தில் இது சிறியதாகத் தெரிகிறது. 110 சென்டிமீட்டர் நீளமுள்ள உடையில் 5 விழுக்காடு என்பது ஐந்தரை சென்டிமீட்டர், அதாவது முழங்காலுக்குக் கீழே நின்ற உடை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும் தொலைவு. துணியை இயந்திரத்தாலேயே நெருக்கிச் சுருக்கிவிடும் சான்ஃபரைசிங் முறை 1930-களிலிருந்து பரவி, இன்று பல ஆலைகளில் வழக்கமாகிவிட்டது; அப்படிச் செய்யப்பட்ட துணி 1 விழுக்காட்டுக்கு மேல் சுருங்காது. வாங்கும்போது அதைக் கேட்டறியலாம். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் சுருங்கும் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே வெட்டுவதற்கு முன், அந்த உடையைப் பிற்காலத்தில் எப்படித் துவைக்கப்போகிறோமோ அதே முறையில் துணியை ஒருமுறை துவைத்து உலர்த்திவிட வேண்டும். வாளியில் வெறுமனே நனைத்து எடுத்துவிட்டு, தைத்த உடையைச் சலவை எந்திரத்தில் வெந்நீரில் போட்டால் மிச்சமிருக்கும் சுருக்கம் அன்றைக்கு வரும். வெட்டிய இரு ஓரங்களிலும் பெருந்தையல் ஒன்று ஓட்டிவிட்டுத் துவைத்தால் நூல் உதிர்ந்து சிக்காது. இது எவ்வளவு சுருங்கியது என்று அறிய விரும்புகிறவர்கள் துணியில் 50 சென்டிமீட்டரை அளந்து இரு முனைகளிலும் நூலால் ஒரு தையல் வைத்துவிட்டுத் துவைக்கலாம். திரும்ப அளக்கும்போது 48 இருந்தால் சுருக்கம் 4 விழுக்காடு. பாவிலும் ஊடையிலும் தனித்தனியாக அளந்தால், பெரும்பாலும் பாவுத் திசையில்தான் அதிகம் சுருங்கியிருப்பது தெரியவரும். உள்ளே வைக்கும் லைனிங் துணியையும் பட்டிகளையும் இதேபோல நனைத்துவிட வேண்டும். மேல்துணி சுருங்காமல் உள்துணி மட்டும் சுருங்கினால், உடை கொப்புளம் போட்டதுபோல ஆகிவிடும். சாயம் ஒழுகுகிறதா என்பதும் இந்தத் துவைப்பிலேயே தெரிந்துவிடும். அதற்கும் முன்பே தெரிய வேண்டுமானால், ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும்.

ரேயானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழக வருகிறவர்களில் பலர் அதைப் பருத்தி என்றே நினைத்து எடுத்து வருகிறார்கள். மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் இந்த இழையை உருவாக்கும் விஸ்கோஸ் முறைக்கு 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. உடம்புக்குக் குளுமை, வழுவழுப்பான தொங்கல், வியர்வையை உறிஞ்சும் குணம் என எல்லாம் இதற்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த துணிகளில் இது ஒன்று. ஆனால் நனைந்த நிலையில் விஸ்கோஸின் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். பருத்தியோ நனைந்தால் முன்னிலும் வலுவடைவது. இந்த ஒரு வேறுபாடே இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் போதும். ஈர ரேயானைப் பருத்திபோல முறுக்கிப் பிழிந்தால் நெசவு கலைந்துவிடும். மேசையில் விரித்தால் தன் எடையாலேயே கோணலாகிக் கிடக்கும். நிமிர்த்தி வைத்து, சற்று நேரம் விட்டு, கீழே ஒரு தாளை விரித்துத் தாளோடு சேர்த்து ஒற்றை அடுக்கில் வெட்டினால்தான் அடங்கும். நான்கைந்து உடைகள் தைத்த பிறகு இதற்கு வருவது நல்லது. ஜார்ஜெட்டும் ஷிஃபானும் அதற்கும் பிறகு.

பாலியஸ்டரையும் அதன் கலவைகளையும் நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. கசங்காது, சுருங்காது, சாயம் நிலைத்திருக்கும். இருந்தாலும் பழகுகிறவருக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு: மடித்த மடிப்பு நிற்காது. பருத்தியையும் லினனையும் மூன்று புள்ளிச் சூட்டில், அதாவது 200 பாகை செல்சியஸ் வரை தேய்க்கலாம். பாலியஸ்டருக்கு இரண்டு புள்ளி, 150-க்கு மேல் கூடாது, கூடினால் பளபளத்துத் தடம் விழும், இன்னும் கூடினால் உருகும். அணியும்போதும் வேறுபாடு தெரியும். சாதாரணக் காற்றீரத்தில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்திருக்காது. வெயிலில் அணியும் உடைக்கு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

எதனால் ஆனது என்று சீட்டில் எழுதப்படாத துணித்துண்டு கையில் இருந்தால், ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் தாள் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தோடு, விரலால் நசுக்கினால் நொறுங்கும் கரிய உருண்டையாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாக இறுகும். கலவைத் துணி இரண்டையும் கலந்து காட்டி நம்மைக் குழப்பும்.

நிறமும் அச்சும் ரசனையைச் சார்ந்தவை என்று சொல்லிவிடுகிறோம். பழகும் காலத்தில் அவற்றுக்கு நடைமுறைப் பக்கமும் உண்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலை இரவு விளக்கில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடுத்தர நிறத்தில், சிறிய பூக்கள் இறைந்து கிடக்கும் அச்சு, கோணல் தையலையும் மறைக்கும், சிறு பொருத்தமின்மையையும் மறைக்கும். பெரிய கட்டங்களும் கோடுகளும் பக்கத் தையலில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அதற்குக் கூடுதல் துணியும் வேண்டும். பூக்கள் எல்லாம் மேல்நோக்கியே நிற்கும் ஒருதிசை அச்சில் துண்டுகளைத் தலைகீழாகச் செருகி மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் நூலிலேயே சாயமேற்றி நெய்த சின்னஞ்சிறு கட்டத் துணி மட்டும் இதற்கு விலக்கு. அதில் கட்டத்தின் கோடே நூலின் கோடு. வரையாமலே நேராக வெட்டலாம், கோட்டைப் பிடித்துக்கொண்டே தைக்கலாம். கோடு தாண்டினால் அப்போதே கண்ணில் படும். முதல் உடைக்கு எது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

துணி நல்லதாக இருப்பது வேறு, தைக்கப்போகும் உடைக்கு ஏற்றதாக இருப்பது வேறு. துணியின் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்துத் தூக்கினால், அது மெல்லிய மடிப்புகளாக விழுகிறதா, கூடாரம்போல விரிந்து நிற்கிறதா என்று தெரியும். சுருக்கு வைத்துத் தைக்கும் பாவாடைக்கு விழும் துணி வேண்டும். மொடமொடப்பான பாப்ளினில் அதே சுருக்கை வைத்தால் இடுப்பைச் சுற்றிக் குடை விரித்ததுபோல நிற்கும். கத்தி மடிப்பு வைப்பதற்கு அந்த மொடமொடப்புத்தான் தேவை. காலர் வைத்த சட்டைக்கு நிற்கும் துணி, கால்சட்டைக்கு ட்வில். இதில் ஐயம் வந்தால் உங்கள் அலமாரியே சிறந்த ஆசிரியர்: நீங்கள் விரும்பி அணிகிற, தைக்க நினைக்கிற உடையை ஒத்த ஒன்றை எடுத்து, அதன் துணியைத் தடவி, கசக்கி, தூக்கிப் பார்த்து, அந்த நினைவைக் கையில் ஏந்திக்கொண்டு வாங்கப் போங்கள். முடிந்தால் அந்த உடையையே எடுத்துப் போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நீளும் துணிகளைப் பற்றி நீண்டு எழுத இது இடமில்லை. நுனி உருண்ட ஊசி வேண்டும், தையலும் சற்றே வளைந்து நீளக்கூடியதாக, குறுகிய ஜிக்ஜாக்காக இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். நெய்த துணிகளுக்கு ஊசியின் எண்ணே வழிகாட்டும்: 90 என்றால் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். அதே ஊசியைச் சிலர் 14 என்பார்கள். காம்பிரிக்குக்கு 11 அல்லது 14, டெனிமுக்கு 16 போதும். துணியை மாற்றிவிட்டு ஊசியை மாற்றாமல் தைப்பவர்கள், தையல் தாவும்போது எந்திரத்தைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் திட்டியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. தங்கள் இணைப்பில் வரும் உடை வரைபடங்களின் கீழே "தேவையான துணி 2 மீட்டர்" என்று அச்சாகிறது. 90 சென்டிமீட்டர் அகலத் துணியில் 2 மீட்டர் என்பது 1.8 சதுர மீட்டர். 150 சென்டிமீட்டர் அகலத்தில் அதே 2 மீட்டர் 3 சதுர மீட்டர். அகலம் குறிப்பிடாத அந்த எண்ணை நம்பி வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கை வெட்டத் துணி போதாது, மற்றொரு பகுதியினருக்கு வீணாக மிஞ்சும். இனி ஒவ்வொரு வரைபடத்தோடும் துணியின் அகலம், அதற்கேற்ற நெசவும் ஏறக்குறைய எடையும், முன்கூட்டி நனைப்பதற்காகக் கூடுதலாக வாங்க வேண்டிய அளவு, ஊசியின் எண் ஆகியவற்றையும், இந்த உடைக்கு எந்தத் துணி கூடவே கூடாது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். மூன்று வரிகளில் அடங்கிவிடும். இடம் போதவில்லையென்றால், வரைபடத்தைச் சுற்றி அச்சாகும் பூ ஓரத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி